நனையாத துண்டு

எங்கள் சித்தி மகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்தோடு போயிற்று. பிறகு எல்லோருக்கும் அவன் கரண்டிதான். ஒடிந்து விழுகிற மாதிரி உடம்பு, அதன்மேல் சித்தப்பா வழியில் வந்த பெரிய தலை. சமையல் வேலைக்குப் போவதற்கு முன்பே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயருக்குத் தகுந்த வேலையைத் தேடிப் பிடித்தவன் என்று எங்கள் பெரிய மாமா சாகும்வரை அவனைக் கிண்டலடித்தார்.

அவன் வேலை பார்த்தது ஒரு பாய்மரப் படகில். மீன் பிடிக்கிற படகு இல்லை. ஊர் சுற்ற வருகிறவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், கரையோரம் அலை அடங்கிய இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டு, நீந்தவிட்டு, மத்தியானம் சாப்பாடு போட்டு, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து இறக்கிவிடுகிற படகு. மேலே வெள்ளைப் பாயும் காற்றும் சிரிப்புமாக இருக்கும். கரண்டி இருந்தது கீழே, படகின் வயிற்றுக்குள். அந்தச் சமையலறையில் கையை நீட்டினால் நாலு சுவரும் தொடும். அடுப்பைக் கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்கள். படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். சமைக்கிறவன்தான் சாய்ந்துகொண்டே உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும்.

அங்கே ஒரு வட்ட ஜன்னல். அதற்குப் பக்கத்தில்தான் தண்ணீரில் இறங்குகிற ஏணி. ஜன்னல் வழியாக ஏறுகிற கால், இறங்குகிற கால் மட்டும் தெரியும். “மனுஷங்க முகத்தைவிட கால்தான் அக்கா நான் அதிகமா பாத்தது. பயந்த கால் எது, பணக்காரக் கால் எதுன்னு சொல்லிடுவேன்” என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். மற்றவர்கள் நீந்துகிற நேரம்தான் அவனுக்கு மீன் பொரிக்கிற நேரம். மற்றவர்கள் சாப்பிடுகிற நேரம் பரிமாறுகிற நேரம். எல்லோரும் உண்டு முடித்துப் பாய் நிழலில் கண்ணயர்ந்த பிறகு, பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து, அடுப்பு மேடையில் இடுப்பைச் சாய்த்து, நின்றபடியே சாப்பிடுவான். அந்தத் தண்ணீரின் மேலேயே காலம் தள்ளியவன், அதில் ஒரு நாளும் இறங்கியதில்லை.

நீச்சல் தெரியாமல் இல்லை. சின்ன வயதில் ஊர் ஏரியில் மல்லாந்து மிதப்பான். கையும் காலும் அசையாது. காது தண்ணீருக்குள் போய்விடுவதால் கூப்பிட்டாலும் கேட்காது. ஒரு தடவை செத்துவிட்டான் என்று சித்தி கரையில் விழுந்து அழுது, அவன் எழுந்து வந்ததும் விளக்குமாற்றால் வெளுத்தாள். அதோடு மிதப்பதை விட்டான்.

இனி துண்டு சமாச்சாரத்தைச் சொல்ல வேண்டும். கரண்டி வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாறை மறைவில் நீந்திக்கொண்டிருந்த ஒருவரை விட்டுவிட்டுப் படகு கிளம்பிவிட்டது. திரும்பிப் போய்த் தூக்கியபோது அவர் கேப்டனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். தலையை எண்ணித்தான் கிளம்பினார்கள். ஆனால் ஓடியாடுகிற பிள்ளைகளை யார் சரியாக எண்ணுவது? அப்போது கரண்டிதான் ஒரு வழி சொன்னான். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை விளிம்புக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டியது. நீந்தி வந்தவர் தன் துண்டைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். நீந்தாதவர் துண்டை, ஆள் மேலேதான் இருக்கிறார் என்று கண்ணால் பார்த்த பிறகு எடுத்து மடிக்கலாம். கயிற்றில் ஒரு துண்டு இருக்கிறவரை நங்கூரம் ஏறக் கூடாது. கேப்டனுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அந்தப் படகின் சட்டம் அதுதான்.

அவன் மனைவி நல்லவள். ஆனால் லீவு நாள் எல்லாம் வேலை நாளாக இருக்கிற புருஷனோடு எத்தனை வருஷம் குடித்தனம் நடத்துவது? பெண்ணின் படிப்பைச் சாக்குச் சொல்லி வேறு ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. போனவள் அங்கேயே நோய் வந்து போய்ச் சேர்ந்தாள். பெண் தாய்மாமன் கையில் வளர்ந்தது. பள்ளி விழாவில் பரிசு வாங்கும்போது எதிரே உட்கார்ந்து கைதட்டியது மாமன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாமன். கரண்டி மழைக்காலத்தில் படகு ஓடாத நாட்களில் போய் வருவான். அப்பாவும் பெண்ணும் விருந்தாளிகள் மாதிரி பேசிக்கொள்வார்கள். “சாப்ட்டியா?” “சாப்ட்டேன்பா. நீங்க?” அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஓடாது.

ஆனால் படகில் அவன் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தான். என் பொண்ணு இந்த சீசனுக்கு வரா, வந்தா கேப்டன் பக்கத்துல உக்கார வெச்சு சுக்கான் பிடிக்க விடணும், அவ மீன் மாதிரி நீந்துவா. ஒவ்வொரு சீசனும் இதே பாட்டு. முதலில் எல்லோரும் “வரட்டும் வரட்டும்” என்றார்கள். பிறகு, பாய் கட்டுகிற நெட்டை அதை வைத்தே விளையாட ஆரம்பித்தான். காற்று வராத நாளில், “கரண்டியண்ணன் பொண்ணு மாதிரிதான் இந்தக் காத்தும். வரேன் வரேன்னு சொல்லும்” என்பான். கரண்டியும் சேர்ந்து சிரிப்பான். இறங்கி வந்து வெங்காயம் நறுக்குவான். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் இருக்கவே இருக்கிறது.

வயதாகி வேலையை விட்டபோது படகுக்காரர் அவனுக்கு ஒரு நாள் பயணத்தை மரியாதையாகக் கொடுத்தார். சமையல்காரனாக இல்லை, விருந்தாளியாக. இரண்டு பேருக்கு இடம். பெண்ணுக்குப் போன் போட்டான். அவளும், “சரிப்பா, வரேன்” என்றாள். எனக்கு அவன் அதைச் சொன்ன குரலே வேறு மாதிரி இருந்தது. “அக்கா, அவளே வரேன்னு சொன்னா. நான் ரெண்டாவது தடவை கேக்கக்கூட இல்ல.” புதுச் சட்டை எடுத்தான். அதைத் துவைக்காமல் போடுவதா, துவைத்துப் போடுவதா என்று என்னிடமே கேட்டான்.

அன்று விடிகாலையில் பஸ் நிலையத்தில் நின்றான். பஸ் வந்தது, எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநரும் இறங்கி டீ குடிக்கப் போனார். அப்புறம்தான் போன் அடித்தது.

“அப்பா, கிளம்ப முடியலப்பா. ஆபீஸ்ல திடீர்னு வேலை வந்துடுச்சு. மாமாவுக்கு வேற கால் வலி, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.”

“பரவால்லம்மா.”

“கோவமா?”

“எதுக்கும்மா கோவம்? சாப்ட்டியா?”

“இன்னும் விடியவே இல்லையேப்பா.”

“ஆமால்ல.”

பின்னால் என்னிடம் சொன்னான்: “ஒரு காரணம் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் அக்கா. ரெண்டு சொன்னா பாரு, அங்கதான் எனக்கு விட்டுப்போச்சு.”

வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கால் துறைமுகத்துக்குத்தான் போயிற்று. பழக்கம். எல்லோருக்கும் முன்னால் போய், பழைய ஆள் என்பதால் யாரையும் கேட்காமல் ஏறி, உள்ளே போய்த் தன் சமையலறையை எட்டிப் பார்த்தான். புதுச் சமையல்காரம்மா தக்காளி கழுவிக்கொண்டிருந்தாள். “அண்ணே, இன்னிக்கு இங்க வரக்கூடாது. மேல போய் ராஜா மாதிரி உக்காருங்க” என்றாள். அவன் வெளியே வரும்போது கேப்டன் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்தார். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

“பொண்ணு எங்கடா?”

வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். நெட்டை அந்தப் பக்கம் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் கரண்டியின் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

“முன்னாடி ரூம்ல படுத்திருக்கா. பஸ்ல வந்தது, தலை சுத்துதாம்.”

படகின் மூக்குப் பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. ஒரு கட்டில், ஒரு கதவு. தலை சுற்றுகிறவர்களுக்கென்றே வைத்தது. அங்கே படுத்தவர்களைத் தட்டி எழுப்பக் கூடாது, தானாக வருகிறவரை விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கரண்டிக்கு அது தெரியாதா? நெட்டை கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, “அடேங்கப்பா, வந்துட்டாங்களா!” என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டான். இரண்டு துண்டு எடுத்துக் கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டான். ஓரம் பிரியாத நல்ல துண்டாகப் பெண்ணுக்கு என்று தேடி எடுத்தான்.

ஒரு பொய் சொன்னால் அதைக் குழந்தை மாதிரி வளர்க்க வேண்டியிருக்கிறது. பாய் ஏறியது, கரை பின்னால் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “பாவம், பொண்ணுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டாள். இவன், பரவாயில்லை, அவள் தைரியமானவள், சின்ன வயதிலிருந்தே நன்றாக நீந்துவாள், நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்றான். சொல்லச் சொல்ல நன்றாகத்தான் இருந்தது. சைக்கிளும் நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்றான். சமையல்காரம்மா உப்பு பிஸ்கட்டும் எலுமிச்சைத் தண்ணீரும் கொடுத்தனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய், கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்து அவனே தின்றான். வெளியே கேட்கும்படி, “மெதுவாக் குடிம்மா” என்று ஒரு வார்த்தையும் சொன்னான். சொன்னபிறகு தன்னைப் பற்றித் தனக்கே பயம் வந்தது என்றான்.

மத்தியானம் அவனை மேசையில் நடுவில் உட்காரவைத்தார்கள். பொரித்த மீன், உருளைக்கிழங்கு, ரொட்டி, தக்காளி நறுக்கியது, தர்பூசணி. உட்கார்ந்து அந்தப் படகில் அவன் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. உருளைக்கிழங்கு நடுவில் வேகவில்லை. சொல்லவில்லை. கேப்டன் சும்மா இருப்பாரா? “தட்டுல வெச்சு பொண்ணுக்குக் கொண்டுபோடா. வெறும் வயித்துலதான் இன்னும் சுத்தும்.” மறுபடியும் உள்ளே. மறுபடியும் கட்டில். வயிறு நிறைந்திருந்தது. ஆனால் தட்டு அப்படியே திரும்பி வந்தால் சமையல்காரம்மாவுக்கு மனசு கஷ்டப்படும். கடலில் கொட்டினால் யாராவது பார்ப்பார்கள். மீனை முள் எடுத்து, ஒரு வாய் விடாமல் தின்றான். இங்கே வந்தும் தனியாகத்தான் தின்கிறேன் என்று நினைத்தானாம்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகுதான் நீந்துகிற இடத்தில் நங்கூரம் போட்டார்கள். தண்ணீர் அடியில் மணல் தெரிந்தது. எல்லோரும் குதித்தார்கள். கேப்டன் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

“இன்னிக்காச்சும் இறங்குடா. கீழ அடுப்பு உன்னைக் கூப்பிடல.”

“வயிறு நிறைய இருக்கு கேப்டன்.”

“அதான் மிதக்கும். போ.”

புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். ஏணியில் இறங்கும்போது அந்த வட்ட ஜன்னலைப் பார்த்தான். உள்ளேயிருந்து இப்போது யாராவது என் காலைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றிற்றாம். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அப்படியே மல்லாந்தான். கையும் காலும் தானாக விரிந்தன. காது தண்ணீருக்குள் போனது. படகு இல்லை, பெண் இல்லை, பொய் இல்லை. ஆகாயம் மட்டும் இருந்தது.

மேலே நடந்ததை நெட்டை வாயால் கேட்க வேண்டும். நீந்தினவர்கள் ஒவ்வொருவராக ஏறித் துண்டை எடுத்துக்கொண்டார்கள். கயிற்றில் இரண்டு துண்டு மிச்சம். ஒன்று கரண்டியுடையது, அவன் தூரத்தில் மிதப்பது தெரிகிறது. மற்றது அவன் பெண்ணுடையது. மேலே இருக்கிறாளா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தானே எடுக்க வேண்டும்? கிளம்பும் முன் கேப்டனே அந்த அறைக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. திறந்தார். கட்டில் கலைந்திருந்தது. கழுவிய மாதிரி காலித் தட்டு. ஆள் இல்லை.

மீன் மாதிரி நீந்துகிற பெண். சாப்பிட்டுத் தெம்பு வந்து, முன்பக்கமாக யாருக்கும் தெரியாமல் குதித்திருக்கிறாள். துண்டு நனையவில்லை. அப்படியென்றால்?

கேப்டன் விசில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். சமையல்காரம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி மேலே ஓடிவந்து, “பொண்ணு! பொண்ணு!” என்று கத்தினாள். மிதவைகளைத் தூக்கி எறிந்தார்கள். நெட்டை சட்டையோடு குதித்துப் படகின் அடியில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இத்தனைக்கும் நடுவில் பெற்றவன் மட்டும் காது தண்ணீருக்குள் கிடக்க, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு மிதக்கிறான்.

நெட்டை நீந்திப் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தான். “அண்ணே! உங்க பொண்ணக் காணோம்ணே! தண்ணிக்குள்ள போயிட்டாங்கண்ணே!”

இதை என்னிடம் சொல்லும்போது கரண்டி நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னான். நெட்டை சொன்னதும் அவன் பதறித் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனானாம். கண்ணைத் திறந்து மணலைப் பார்த்துத் தேடினானாம். “அவ இல்லங்கறது எனக்கு மறந்துபோச்சு அக்கா. செத்துட்டாளோன்னு உசிர் போகுது. அதுக்குள்ளயே, ஐயோ வந்திருக்காளேன்னு ஒரு சந்தோஷம். ரெண்டும் ஒண்ணா. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான்.”

மூச்சு முட்டி மேலே வந்தான். வந்ததும் நினைவு வந்தது. கேப்டன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்கப்போகிறார். எல்லா முகமும் இவனைப் பார்க்கிறது.

“அவ வரல!” என்று கத்தினான். குரல் தண்ணீரில் பட்டு அவனுக்கே பெரிதாகக் கேட்டது. “யாரும் குதிக்காதீங்க! அவ வரல! அவ வரவே இல்ல!”

விசில் நின்றது. நெட்டைதான் அவன் கைக்குக் கீழே கை கொடுத்து ஏணிவரை கூட்டி வந்தான். காற்றும் பெண்ணும் என்று விளையாடிய வாய் அன்று சாயந்திரம்வரை திறக்கவில்லை. அந்த அம்மாள் தர்பூசணித் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்ததாம்.

கேப்டன் மட்டும் திட்டினார். “அறிவிருக்காடா உனக்கு? அந்த விசிலை ஊதுறப்ப என் நெஞ்சே நின்னுபோச்சு. உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்னு… வரலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் சிரிச்சிருப்பேனா?”

“சிரிக்க மாட்டீங்க கேப்டன்.”

“அப்புறம் என்ன?”

“சிரிக்க மாட்டீங்க. அதுக்குத்தான் பயந்தேன்.”

கேப்டன் கயிற்றைக் காட்டினார். கரண்டி தன் துண்டை எடுத்துப் போர்த்தியிருந்தான். பக்கத்துத் துண்டு அப்படியே இருந்தது. “அதை எடு. கிளம்பணும்.”

கரண்டி எழுந்து போனான். கிளிப்பைத் தொட்டான். எடுக்க முடியவில்லை. அவன் போட்ட சட்டம்தான். ஆளைக் கண்ணால் பார்க்காமல் துண்டை எடுக்கக் கூடாது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான். நெட்டை கேப்டனைப் பார்த்தான். கேப்டன், “சரி, ஏத்து” என்றார். நங்கூரம் ஏறியது. அந்தப் படகு கயிற்றில் துண்டோடு கரைக்குத் திரும்பியது அந்த ஒரு நாள்தான். கரை வரும்வரை அது படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வழியில் அவன் கீழே போய்ப் பாத்திரம் தேய்த்தான். சமையல்காரம்மா, “விருந்தாளி நீங்க, விடுங்கண்ணே” என்றாள். “கையைச் சும்மா வெச்சுக்கத் தெரியலம்மா. உருளைக்கிழங்கை நாளைக்கு இன்னும் சின்னதா வெட்டு” என்றான். கரை சேர்ந்து எல்லோரும் இறங்கிய பிறகு, அந்தத் துண்டை அவனே எடுத்து மடித்துச் சலவை மூட்டையில் மற்ற ஈரத் துண்டுகளோடு போட்டான்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து புதுச் சட்டையை ஆணியில் மாட்டும்போது போன் அடித்தது.

“போனீங்களாப்பா?”

“போனேம்மா.”

“யார் கூட?”

“தனியாத்தான்.”

“சாப்பாடு என்ன?” என்றாள். சொன்னான். உருளைக்கிழங்கு வேகாததையும் சொன்னான். “தண்ணியில இறங்கினேன்” என்றான்.

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“மிதக்கத் தெரியும்.”

“எனக்குத் தெரியாதேப்பா. நீச்சலே தெரியாது எனக்கு.”

“அப்படியா?” என்றான். மீன் மாதிரி நீந்துகிற பெண். அவனுக்கு அது அன்றுதான் தெரியும்.

“அடுத்த சீசனுக்குக் கண்டிப்பா வரேன்பா. நீங்க கத்துக்குடுங்க.”

“சரிம்மா” என்றான். “படுத்துக்கோ.”

மறுநாள் துறைமுகத்துப் பக்கம் நடந்து போனபோது கேப்டன் எதிரே வந்தார். இரண்டு பேரும் நின்று டீ குடித்தார்கள். காற்றைப் பற்றிப் பேசினார்கள், பாயில் விழுந்த கிழிசலைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த சீசனுக்கு வரேன் என்று பெண் சொன்னதை மட்டும் கரண்டி வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கே அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்து, ஏதோ பேச்சில் தவறி வந்ததுதான்.